கொலம்பஸ் போன வழியாலே ஏன் திரும்பவில்லை?

முள்ளியவளை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் பத்து படிக்கிறான். வரலாற்றில் நாடுகாண் பயணங்கள் என்று ஒரு பகுதி வருகிறது. 1492, சாந்தா மரியா, பிந்தா, நீனா என்ற மூன்று கப்பல், இசபெல்லா அரசி என்று எல்லாவற்றையும் பாடமாக்கி ஒப்பித்துவிட்டான். நானும் சரி, இது முடிந்தது என்று மற்றப் பாடத்துக்குப் போகச் சொன்னேன்.

அவன் போகவில்லை. தேசப்படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கோட்டைக் காட்டினான். கொலம்பஸ் போன கோடு ஸ்பெயினிலிருந்து நேரே மேற்கே போகாமல் முதலில் தெற்கே இறங்கி, ஆபிரிக்காவுக்குப் பக்கத்துத் தீவுகளைத் தொட்டு, அங்கிருந்துதான் மேற்கே போகிறது. திரும்பி வந்த கோடோ வடக்கே ஏறி, வேறு தீவுகள் வழியாக வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம் மாதிரி இருக்கிறது. “ஏன் அம்மா, வந்த வழி மறந்துபோச்சோ?” என்கிறான்.

ரியூசனில் கேட்டானாம். சோதனைக்கு வராது, ஆண்டுகளைப் பாடமாக்கு என்று சொல்லிவிட்டார்களாம். அப்பப்பாவிடம் கேட்டான். அவர் தண்ணிமுறிப்புப் பக்கம் வயல் செய்தவர், “எனக்கு வாய்க்கால் தண்ணி போற வழிதான் தெரியும்” என்று சிரித்துவிட்டார். நான் தையல்காரி. வற்றாப்பளைப் பொங்கலுக்கு, உப்புத்தண்ணீரில் விளக்கெரிக்கத் தீர்த்தம் எடுக்கிற அன்று சிலாவத்தைக் கரையில் நின்று கடலைப் பார்ப்பதோடு சரி.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி சொன்னால் போதும்.

வவுனியா வாத்தி:

அக்கா, நல்ல கேள்வி. காற்று, கடல் பற்றிக் கடற்கரை ஆட்கள் யாராவது சொல்லட்டும். பிள்ளைகளின் விடைத்தாளில் நான் அடிக்கடி சிவப்புப் பேனா போடுகிற ஓரிடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தக் காலத்தில் எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள், கொலம்பஸ்தான் உருண்டை என்று நிரூபித்தார் என்று எழுதுகிறார்கள். படித்தவர்கள் யாரும் அப்போது தட்டை என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கிறிஸ்துவுக்கு முன்னரே எரத்தோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்குப் பார்த்துவிட்டார். பூமி எவ்வளவு பெரியது என்பதில்தான் வாக்குவாதம். அரபு வானியலாளர் அல்பர்கானி பூமியின் சுற்று 360 பாகையில் ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று எழுதியதைக் கொலம்பஸ் எடுத்துக்கொண்டார். அது அரபு மைல். இவர் அதைவிடக் கட்டையான இத்தாலிய மைலில் கணக்குப் போட்டார். போதாததற்கு ஆசியாவையும் கிழக்கே வெகுதூரம் இழுத்து வைத்தார். கடைசியில் கனேரித் தீவிலிருந்து ஜப்பானுக்கு ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர் என்று விடை வந்தது. உண்மைத் தூரம் 19,000 கிலோமீற்றருக்கும் மேல்.

போர்த்துக்கல் அரசர் இரண்டாம் ஜோவானின் நிபுணர்கள் 1480களில் இந்தத் திட்டத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்வது அநியாயம். கணக்கு அவர்கள் பக்கம்தான் சரி. நடுவில் யாரும் எதிர்பாராத ஒரு கண்டம் குறுக்கே கிடந்தபடியால் ஆள் தப்பினார். 1506இல் கண்மூடும்வரை தான் போனது ஆசியாவின் ஓரம் என்றே சாதித்தார். அதனால்தான் 1507இல் வால்ட்சேமுல்லர் வரைந்த உலகப்படத்தில் புதுக் கண்டத்துக்கு அமெரிகோ வெஸ்புச்சியின் பெயர் விழுந்தது.

கள்ளப்பாட்டுப் பாய்:

பிள்ளை, உன் மகன் கேட்ட கேள்வியைத்தான் 1492 செப்டெம்பரில் அந்த மூன்று கப்பலிலும் இருந்த தொண்ணூறு பேரும் கேட்டார்கள். எப்படிப் போவது என்று அல்ல, எப்படித் திரும்புவது என்று. அதனால் பெடியனைப் பேசாதே.

முதலில் எங்கள் கடலில் இருந்து தொடங்குகிறேன். நான் முல்லைத்தீவுக் கரை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் எரிபொருள் வராத காலத்தில் எஞ்சினைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, அப்புவின் பழைய பாயை எடுத்துக் கட்டித்தான் தொழிலுக்குப் போனோம். இளம் ஆட்கள் அதற்கு முன் பாய் பிடித்ததே இல்லை. அப்புதான் அணியத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். விடியப்புறம் கரைக்காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், அதில் வெளியே போவோம். வெயில் ஏறக் கடல்காற்று திரும்பும், அதில் கரைக்கு வருவோம். நல்ல நாளில் துடுப்பைத் தொடவே தேவையில்லை.

சோளகம் கடுமையாக எழும்பிவிட்டால் கதை வேறு. முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. அதாவது முதுகுப் பக்கத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். போவது சுகம். பாயை விரித்துவிட்டால் வள்ளம் பறக்கும், தண்ணீரும் கரையோரத்தில் மட்டமாய்த்தான் இருக்கும். ஆனால் அன்றைக்குக் கடல்காற்று எழும்பாது. பின்னேரம் கரையைப் பார்த்துத் திரும்பினால் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். இடமும் வலமுமாக மாறி மாறிக் குறுக்கே ஓடி ஓடி, ஒரு மைல் முன்னேற நாலு மைல் ஓட வேண்டும். பாய் கிழிந்தால் ஆள் வங்கக்கடலுக்குள்தான். அதனால் அப்பு கரையில் நின்று காற்றைப் பார்க்கும்போது, போகிற காற்றைப் பற்றிப் பேசவே மாட்டார். “வாறதுக்குக் காத்து இருக்கோ?” என்றுதான் கேட்பார்.

எங்களுக்கு இருக்கிற ஒரு பெரிய புண்ணியம், காற்று வருஷத்தில் இரண்டு தரம் திரும்புவது. கார்த்திகை முதல் மாசி மட்டும் வாடை வடகிழக்கிலிருந்து. வைகாசி முதல் புரட்டாதி மட்டும் சோளகம் எதிர்த்திசையிலிருந்து. இந்து சமுத்திரத்தில் ஓடிய அரபுக்காரரும் குஜராத்திக்காரரும் சோழர் கப்பல்காரரும் இதை வைத்துத்தான் வியாபாரம் செய்தார்கள். ஒரு காற்றில் போ, துறைமுகத்தில் இருந்து சாமானை வில், மற்றக் காற்று வரும்வரை பொறு, அதே வழியால் வா.

அத்திலாந்திக்கில் அப்படித் திரும்பாது. பிள்ளை, இதுதான் உன் மகன் கேட்டதற்கு விடை. அங்கே கனேரித் தீவுப் பக்கத்தில் வருஷம் முழுக்க வடகிழக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வாடையும் அதே குடும்பம்தான். ஆசியப் பெருநிலம் கோடையில் சூடேறிக் காற்றைத் தன் பக்கம் இழுப்பதால் எங்களுக்குத் திசை மாறுகிறது. அங்கே அப்படி இழுக்கிற நிலம் இல்லை, காற்று மாறாது. ஆகவே கனேரியிலிருந்து மேற்கே போகிறவன் பாயை விரித்துவிட்டுப் படுக்கலாம், ஆனால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் அதே வழியால் திரும்ப ஏலாது. அதற்கு வடக்கே, போர்த்துக்கலும் அசோர்ஸ் தீவுகளும் இருக்கிற அகலக்கோட்டுப் பக்கத்தில், காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. போகும்போது கிழக்கிலிருந்து வீசுகிற கீழ்க்காற்று, வரும்போது மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று. தேசப்படத்தில் வட்டம் வந்தது அப்படித்தான்.

இது கொலம்பஸின் தலையில் ஒரு நாளில் உதித்ததில்லை. மனிசன் பிறந்தது ஜெனோவாவில் என்றாலும் தொழில் பழகினது போர்த்துக்கேயரிடம். மதேராவுக்குப் பக்கத்தில் இருக்கிற போர்த்தோ சாந்தோ தீவை ஆண்ட குடும்பத்தில் பெண் எடுத்தவர். போர்த்துக்கேயக் கப்பலில் மேற்கு ஆபிரிக்காவின் கினி மட்டும் போய் வந்தவர். கினிக்குப் போன போர்த்துக்கேயருக்கு இதே சிக்கல் முன்னமே இருந்தது. போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். கரையோடு ஒட்டி எதிர்க்காற்றில் மல்லுக்கட்டிப் பார்த்து அலுத்துப்போய், துணிந்து நடுக்கடலுக்குள் மேற்கே விலகி, வடக்கே ஏறி, மேல்காற்றைப் பிடித்து அசோர்ஸ் வழியாக லிஸ்பனுக்கு வரப் பழகிவிட்டார்கள். வீட்டுக்குப் போக வீட்டை விட்டு விலகி ஓட வேண்டும். அதற்கு மனத்துணிவு வேண்டும். வவுனியா வாத்தியார் சொன்ன மாதிரி தூரக் கணக்கில் கொலம்பஸ் தோற்றார், அது உண்மை. காற்றுக் கணக்கில் தோற்கவில்லை. என்னைக் கேட்டால் அவரைக் கப்பல்காரன் என்று சொல்ல அந்த ஒன்றே காணும்.

இனிப் பயணத்தைச் சொல்கிறேன். 1492 ஓகஸ்ட் 3ஆம் திகதி பாலோஸ் துறையில் வெளிக்கிட்டார்கள். மூன்றாம் நாளே பிந்தாவின் சுக்கான் கழன்றுவிட்டது. கனேரியில் நின்று அதைத் திருத்தினார்கள். கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள், பாய் பிடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை விளங்கும். நீனாவில் இருந்தது முக்கோணப் பாய். அது எதிர்க்காற்றில் குறுக்கே வெட்டி ஓட நல்லது. அதைக் கழற்றிவிட்டுச் சதுரப் பாய் ஏற்றினார்கள். சதுரப் பாய் முதுகுக் காற்றுக்கு. இனி வழி முழுக்கக் காற்று பின்னாலிருந்துதான் வரும் என்று நம்பிய ஆள்தான் பாயை அப்படி மாற்றுவான்.

செப்டெம்பர் 6 லா கோமேராவை விட்டார்கள். பிறகு காற்று நிற்கவே இல்லை. முதல் கிழமை எல்லோருக்கும் சந்தோசம். இரண்டாம் கிழமை ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். காற்று எந்நேரமும் பின்னாலேயே இருக்கிறது, ஸ்பெயினுக்குத் திரும்பிப் போகக் காற்றே இந்தக் கடலில் இல்லையோ என்று. செப்டெம்பர் 22இல் ஒரு எதிர்க்காற்று எழும்பியது. வேறு எந்தக் கப்பல்காரனும் எதிர்க்காற்றுக்குக் கோபப்படுவான். கொலம்பஸ் அன்றைய நாட்குறிப்பில் அந்தக் காற்று தனக்கு மிகத் தேவையாக இருந்தது என்று எழுதினார். இந்தப் பக்கமும் காற்று வீசும் என்று ஆட்கள் கண்ணால் கண்டார்களே. அந்தப் பக்கத்தை வாசித்தபோது சோளகத்தில் அகப்பட்ட நாட்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. கடல்காற்று உடம்பில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், வள்ளத்தில் உள்ளவன் வாய் திறந்து கதைக்கத் தொடங்கிவிடுவான்.

ஒக்டோபர் 12 பஹாமாஸில் ஒரு தீவில் இறங்கினார்கள். அங்குள்ளவர்கள் அதைக் குவானஹானி என்றார்கள், இவர் சான் சல்வதோர் என்று பெயர் வைத்தார். பிறகு கியூபா, பிறகு இஸ்பானியோலாத் தீவு. நத்தாருக்கு முதல் இரவு கடல் அமர்ந்து கிடந்தது, எல்லோரும் நித்திரை, சுக்கான் பிடித்தது ஒரு சின்னப் பொடியன். பொடியன் கையில் சுக்கானைக் கொடுக்கக்கூடாது என்பது கொலம்பஸின் கட்டளை. சாந்தா மரியா மணல்திட்டில் ஏறி உடைந்தது. அதன் பலகையைக் கழற்றி ஒரு கோட்டை கட்டி, 39 பேரை அங்கே விட்டுவிட்டு, அதுவரை பிரிந்து போயிருந்த பிந்தாவைச் சேர்த்துக்கொண்டு 1493 ஜனவரி 16 வீட்டுக்குத் திரும்ப வெளிக்கிட்டார்கள்.

வடக்கே ஏறி மேல்காற்றைப் பிடித்தது சரி. ஆனால் மாசி மாதத்து வடக்குக் கடல் சும்மா விடுமா? பெப்ரவரி 14இல் அடித்த புயலில் இரண்டு கப்பலும் ஒன்றையொன்று தவறவிட்டன. நீனாவில் நேர்த்தி வைத்தார்கள். ஆளுக்கொரு கடலை எண்ணித் தொப்பிக்குள் போட்டு, ஒன்றில் மட்டும் கத்தியால் சிலுவை கீறி, அதை எடுக்கிறவன் குவாதலூப்பே மாதா கோயிலுக்கு யாத்திரை போக வேண்டும் என்று. முதலில் கை விட்டது கொலம்பஸ், கீறின கடலையும் அவர் கையில்தான் வந்தது. அதற்குப் பிறகு தாங்கள் மாண்டுபோனாலும் செய்தி போய்ச் சேரட்டும் என்று, கண்டதையெல்லாம் தோலில் எழுதி, மெழுகுச் சீலையில் சுற்றி, பீப்பாவில் அடைத்துக் கடலில் போட்டார். அந்தப் பீப்பா கிடைக்கவே இல்லை. நீனா அசோர்ஸையும் லிஸ்பனையும் தொட்டு மார்ச் 15 பாலோஸுக்கு வந்தது. பிந்தாவும் அதே நாள் பின்னாலே வந்தது.

மகனிடம் சொல், சோதனைக்கு வராவிட்டாலும் கோடுகளின் பக்கத்தில் காற்றுக்கு அம்புக்குறி போட்டு வைக்கட்டும்.

முள்ளியவளை அம்மா:

ஐயா, நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கடலைச் சீட்டுக் கதையை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னான். அவனுக்கு இன்னொரு கேள்வி வந்துவிட்டது. எங்கள் கடலில் காற்று திரும்புமென்றால் இங்கே வந்த போர்த்துக்கேயருக்குச் சுகமாக இருந்திருக்குமே என்கிறான். மன்னாரைப் பிடித்தது ஸ்பானியர் இல்லாமல் போர்த்துக்கேயர் ஏன் என்றும் கேட்கிறான்.

இரணைமடுத் தம்பி:

வாசிக்க நல்லாத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் கப்பலில் இருந்தவனின் பயம்தான் கதை முழுக்க. கரையில் நின்றவனை யார் கேட்டது? நாங்கள் கரையில் நின்று பார்த்த சனம். எங்களுக்கு அது முதலில் வர வேண்டும்.

அந்தக் கரையில் இருந்தவர்கள் தைனோ மக்கள். சாந்தா மரியா உடைந்த இரவில் தன் ஆட்களையும் தோணிகளையும் அனுப்பிச் சாமான் முழுவதையும் இறக்கிக் கொடுத்தது குவாக்கனகரி என்ற தைனோத் தலைவர். அந்த உதவிக்கு என்ன கிடைத்தது? 1493இலேயே 17 கப்பல், ஆயிரத்துக்கு மேல் ஆட்கள், குதிரை, பன்றி, கரும்பு எல்லாம் வந்து இறங்கின. விட்டுப்போன 39 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. உள்ளூரில் அவர்கள் செய்த அட்டூழியத்துக்கு இன்னொரு தலைவரின் ஆட்கள் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். 1495இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட தைனோக்களைக் கப்பலில் அடைத்து ஸ்பெயினில் விற்க அனுப்பினார்கள், ஏறக்குறைய இருநூறு பேர் வழியிலேயே இறந்தார்கள். நீங்கள் புகழ்கிற அந்த மேல்காற்றில்தான் அவர்களும் போனார்கள். பொன் கிண்டும் வேலையும் பட்டினியும் நோயுமாக, 1514இல் இஸ்பானியோலாவில் தலை எண்ணியபோது இருபதாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். முன்னர் பல இலட்சம் இருந்தார்கள் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கணிப்பு.

இன்னொன்று. அமெரிக்காவில் முதலில் கால் வைத்த ஐரோப்பியர் கொலம்பஸ் கூட்டம் இல்லை. கிறீன்லாந்திலிருந்து போன வைக்கிங்குகள். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் அவர்கள் வீடுகளின் அத்திவாரம் 1960இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த மரத்துண்டு 1021ஆம் ஆண்டு வெட்டப்பட்டது என்று மரத்தின் வளையத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். கொலம்பஸுக்கு 471 வருஷத்துக்கு முன்.

கள்ளப்பாட்டுப் பாய்:

தம்பி, நீ சொன்னதில் ஒரு சொல்லும் நான் மறுக்கவில்லை. கோபமும் நியாயம். வைக்கிங் கதை இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்கிறேன். வைக்கிங் போனான், வந்தான், கொஞ்சக் காலத்தில் விட்டுவிட்டான். ஸ்பானியனுக்கு வருஷத்துக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் போய் வரக் காற்று வழி கிடைத்துவிட்டது, பின்னால் நின்று காசு போட அரசும் இருந்தது. கொலம்பஸ் 1493இல் திரும்பி வராமல் மாண்டுபோயிருந்தால் தைனோ சனத்துக்கு இன்னும் கொஞ்ச வருஷம் கிடைத்திருக்கும். கொஞ்ச வருஷம்தான். 1497இல் பிரிஸ்ரலிலிருந்து ஜோன் கபொட் பதினெட்டுப் பேரளவில் ஒரே சிறு கப்பலில் நியூபவுண்ட்லாந்துப் பக்கம் போய்விட்டார். 1500இல் கப்ரால், இந்தியாவுக்குப் போக என்று 13 கப்பலோடு வெளிக்கிட்டு, காற்றுக்காக மேற்கே அகல விலகின விலகலில் ஏப்ரல் 22 பிரேசிலைக் கண்டார். யாராவது ஒருவர் முட்டியே இருப்பார்கள்.

பிள்ளை, மகனின் கேள்விக்கு வருகிறேன். போர்த்துக்கேயனுக்கு எங்கள் கடல் சுகமாக இருந்ததா? காற்றைக் கேட்டு ஓடினவனுக்குச் சுகம். வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரலில் கிழக்கு ஆபிரிக்காவின் மாலிந்தியில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, சோளகத்தின் தொடக்கத்தைப் பிடித்து, நாலு கிழமைக்குள் கள்ளிக்கோட்டைக்கு வந்துவிட்டார். அங்கே அரசரோடு கொழுவல். வாடை வரும்வரை பொறுக்காமல் ஓகஸ்ட் கடைசியிலேயே கள்ளிக்கோட்டையை விட்டார். கரையோரம் இழுபட்டு ஒக்டோபர் தொடக்கத்தில் நடுக்கடலுக்கு இறங்கினால் வாடை இன்னும் பிடிக்கவில்லை. காற்று செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் எதிரே வரும். வரும்போது நாலு கிழமைக்குள் கடந்த கடலைத் திரும்பக் கடக்க மூன்று மாதம். முரசு வீங்கிப் பல் ஆடுகிற நோயில் முப்பது பேரளவில் செத்தார்கள். மிஞ்சின ஆட்கள் மூன்று கப்பலை ஓட்டக் காணாமல் ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப் பொடியனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

மன்னாருக்குப் போர்த்துக்கேயர் வந்ததற்குக் காரணம் காற்று இல்லை, காகிதம். 1494இல் தோர்தெசிலாஸ் என்ற ஊரில் இரண்டு அரசும் உட்கார்ந்து, கேப் வேர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அந்தக் காலத்துத் தூர அளவு) தள்ளி வடக்குத் தெற்காக ஒரு கோடு கீறினார்கள். கோட்டுக்கு மேற்கு ஸ்பெயினுக்கு, கிழக்கு போர்த்துக்கலுக்கு. பிரேசிலின் மூக்கு கிழக்கே நீண்டு கிடந்தபடியால் அது போர்த்துக்கலுக்கு விழுந்தது. நாங்களும் கிழக்கே. 1560இல் கோவாவிலிருந்து வந்த படை யாழ்ப்பாண அரசிடமிருந்து மன்னார்த் தீவைப் பறித்து அங்கே கோட்டை கட்டியது. 1619இல் யாழ்ப்பாணமே போய்விட்டது. ஸ்பெயினில் ஒரு மேசையில் கோடு கீறினவர்களுக்கு மன்னார் எங்கே இருக்கிறது என்று கூடத் தெரிந்திருக்காது. தம்பி, உன் கோபத்தை இந்த இடத்தில் வைத்துக்கொள், நானும் கூட நிற்பேன்.

இதோடு விடலாம், ஆனால் பசிபிக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. 1519இல் மகெல்லன் ஐந்து கப்பலோடு மேற்கே போனார். 1521இல் பிலிப்பைன்ஸில் மக்தான் தீவில் லாப்பு லாப்புவின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். மிஞ்சின இரண்டு கப்பல் கராம்புத் தீவுகளில் பிரிந்தன. விக்ரோரியா எல்கானோவின் கையில் ஆபிரிக்காவைச் சுற்றி மேற்கு வழியாக ஓடி, 1522 செப்டெம்பர் 6 பதினெட்டுப் பேரோடு ஸ்பெயினைப் பிடித்தது. மற்றது திரினிதாத். அது பசிபிக்கைக் கிழக்கு நோக்கிக் கடந்து அமெரிக்காவுக்கே திரும்பப் பார்த்தது. மாதக்கணக்காக மாய்ந்தும் காற்று கிடைக்கவில்லை. குளிரிலும் நோயிலும் ஆட்கள் விழுந்து, திரும்பி வந்து போர்த்துக்கேயரிடமே அகப்பட்டார்கள். அதற்குப் பிறகு போன ஸ்பானியரும் அப்படியே தோற்றார்கள். மெக்சிக்கோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போகலாம், வர ஏலாது. நாற்பது வருஷத்துக்கு மேல் இதுதான் நிலைமை. கடைசியில் 1565இல் கப்பலை விட்டுத் துறவியாகப் போயிருந்த உர்தனேத்தா என்ற கிழவர், ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் செபுவில் வெளிக்கிட்டு, ஜப்பான் இருக்கிற அகலக்கோட்டுக்கு வடக்கே ஏறி மேல்காற்றைப் பிடித்து, ஒக்டோபரில் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கு வந்தார். அத்திலாந்திக்கில் கொலம்பஸ் போட்ட அதே வட்டம், இன்னும் பெரிதாக. மகெல்லனுக்கு நீரிணை இருக்கிறது, சிலை இருக்கிறது. உர்தனேத்தாவின் பெயர் உன் மகனின் புத்தகத்தில் இருக்காது என்று நினைக்கிறேன். என் கையில் இருந்தால் முதல் பாடமே அவர்தான்.

விசுவமடுத் தோட்டம்:

எல்லோரும் காற்றையும் கோட்டையும் கதைக்கிறீர்கள். நான் மிளகாய் நடுகிறவன், எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது. மிளகாய், கச்சான், மரவள்ளி, பப்பாசி, தக்காளி, கொய்யா, மரமுந்திரிகை, புகையிலை, சோளன் எல்லாம் அந்தப் பக்கத்துச் சாமான். என் காணியில் அங்கிருந்து வராத பயிர் எதுவென்று எண்ணிப் பார்த்தேன், கத்தரியும் பயறும் உழுந்தும்தான் மிஞ்சுகிறது. அப்படியென்றால் எங்கள் வன்னிமைகள், அதாவது வன்னிச் சிற்றரசர்கள், இருந்த காலத்தில் கறிக்கு உறைப்பு எதில் போட்டார்கள்?

வவுனியா வாத்தி:

மிளகுதான் அண்ணை. அதைத் தேடித்தான் கொலம்பஸும் வெளிக்கிட்டார். மிளகு கிடைக்கவில்லை. 1493 ஜனவரி 15, அதாவது திரும்பிப் பயணப்பட முதல் நாள், நாட்குறிப்பில் மிளகாயைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்குள்ள சனம் இது இல்லாமல் சாப்பிடுவதே இல்லை, மிளகைவிட இது மேல், வருஷத்துக்கு ஐம்பது கப்பல் நிரப்பலாம் என்று. ஸ்பெயினில் அதற்குப் பெரிய மதிப்பு வரவில்லை. இங்கே கொண்டுவந்து சேர்த்தது போர்த்துக்கேயர்.

அக்கா, ஒரு உதவி. மகன் அம்புக்குறி போட்ட தேசப்படத்தைப் போனில் படம் எடுத்து இதில் போடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புச் சுவரில் ஒன்று ஒட்ட வேண்டும்.

முள்ளியவளை அம்மா:

போடுகிறேன் சேர். இப்போதைக்குக் கனேரியும் அசோர்ஸும் சரியான இடத்தில் இருக்கின்றன, பசிபிக் பக்கத்தில் உர்தனேத்தாவுக்கு இடம் காணாமல் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.